மூன்று இருபது வரைக்கும்

ஐந்தாம் வகுப்பு வரும்வரை ஸஜானாவுக்குக் கணக்குப் பாடம் என்றால் வயிற்றுவலி. அது நடிப்பில்லை. இரண்டாம் பாடத்துக்கு மணி அடித்தால் உண்மையாகவே வயிறு முறுக்கும். மேசையில் கவிழ்ந்து கிடப்பாள். நாலாம் வகுப்பில் படிப்பித்தவர், விடை பிழைத்தால் அடிமட்டத்தின் ஓரத்தால் விரல் மொழியில் தட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக் கொடுத்தே சபூரா களைத்துப்போயிருந்தாள். தனக்கும் எண்கள் ஏறியதில்லை என்பதால், இது தன்னிடமிருந்து வந்த குறை என்று நினைத்துக்கொண்டாள். சபூராவின் பள்ளிக்காலம் முழுவதும் புத்தளத்து அகதிக் கொட்டில்களில் கழிந்தது. ஏழாம் வகுப்போடு அதுவும் நின்றது.

அந்த வருஷம் சுகந்தினி டீச்சர் வந்தார். விடத்தல்தீவுக்காரி. சின்ன வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, திரும்பி வந்தவர். பேச்சில் சில நேரம் இந்தியத் தமிழ் எட்டிப் பார்க்கும்; பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஸஜானாவின் ஊர் கொண்டச்சிப் பக்கத்து முஸ்லிம் ஊர்; அங்கேயே அறை எடுத்துத் தங்கிப் படிப்பித்தார்.

ஆவணியில் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்தாம் வகுப்புக்கு மார்கழி விடுமுறை வரை பெரிதாக வேலை கிடையாது. மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டவும் பெருக்கவும் விட்டார்கள். சுகந்தினி டீச்சரோ கணக்கை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். பள்ளிவாசல் மினாராவின் நிழலை அளந்து அதன் உயரம் கண்டார்கள். ஒரு தகரப் பேணி மரமுந்திரிகைக் கொட்டையை எண்ணாமல் எத்தனை என்று மதித்தார்கள். பட்டியில் நிற்கும் ஆட்டின் கால்களை எண்ணி, எத்தனை ஆடு என்று சொன்னார்கள். பிழையாகச் சொன்னவருக்கும் கச்சான் கடலை கிடைத்தது. இரண்டாம் கிழமையில் ஸஜானாவின் வயிற்றுவலி நின்றது. ஓமப்போத்தல் அடுப்படித் தட்டில் தூசி படிந்து நின்றது.

பிறகு ஆற்றுக்குப் போனார்கள். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் ஆறு. அதனால் அதைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ஊரையும் அக்கரைக் காட்டையும் ஒரு சப்பாத்துப் பாலம் இணைக்கிறது. பதிவான சீமெந்துப் பாலம். கோடையில் அதன் மேல் ஆடு படுத்திருக்கும், மாரியில் அதன் மேலாகத் தண்ணீர் ஓடும். பாலத்தின் ஓரத்தில் டீச்சர் ஒரு நீளமான குழாயை நட்டு, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் பூச வைத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, நூறு என்ற இடத்தில் மட்டும் தடித்த கறுப்புக் கோடு போட்டார். அதற்கு மேல் தண்ணீர் வந்தால் பாலத்தில் ஆளும் இறங்கக் கூடாது, வாகனமும் இறங்கக் கூடாது.

தினமும் ஒரு பிள்ளை போய் அளவு பார்த்து வரவேண்டும். சதுரக் கோட்டுக் கொப்பியில் அதைப் புள்ளியாக வைக்கவேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகுதான்: நாளைக்கு எவ்வளவு இருக்கும்? கிட்டச் சொல்கிறவருக்கு வெற்றி. முதல் கிழமை எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். இரண்டாம் கிழமை ஸஜானா, யாரும் சொல்லிக் கொடுக்காமல், கடைசிப் புள்ளிகளின் மேல் அடிமட்டத்தை வைத்துக் கோட்டை நீட்டிப் பார்த்தாள். மறுநாள் புள்ளி அந்தக் கோட்டில் வந்து நின்றது. டீச்சர் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டச் சொன்னார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு ஓடித்தான் வந்தாள்.

ஆற்றடிக்கு அவளைக் கூட்டிப் போகிறவன் அஸாம். சபூராவின் தம்பி. தாயும் தகப்பனும் மௌத்தான பிறகு சபூராதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். கலியாணம் முடித்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டே காமிலின் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவனுக்கே பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். காமிலின் ஆடுகள் அக்கரைப் பட்டியில் நின்றன. முப்பத்தொரு ஆடு. அஸாம் காலையில் பாலத்தைக் கடந்து போய்ப் பட்டியைத் திறந்து மேய்ப்பான். போகிற வழியில் மருமகளைக் கம்பத்தடியில் நிறுத்தி, அவள் அளவு பார்த்து எழுதும்வரை குடை பிடித்துக்கொண்டு நிற்பான். அவளுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

கார்த்திகைக் கடைசியில், செவ்வாய்க்கிழமை பின்னேரம், மழை பிடித்தது. முதலில் அது எல்லா வருஷத்து மழையையும் போலத்தான் இருந்தது. புதன்கிழமை காற்றும் சேர்ந்துகொண்டது. கடல் பக்கமிருந்து ஓயாத இரைச்சல் வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பிறகு பள்ளத்தில் இருந்த வீட்டுக்காரர்களுக்காக அதையே திறந்துவிட்டார்கள். சுகந்தினி டீச்சர் புதன்கிழமையே விடத்தல்தீவுக்குப் போயிருந்தார்; தெருவில் தண்ணீர் நின்றதால் திரும்ப முடியவில்லை. வெள்ளி விடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நௌஷாட் பேசினான். அவன் பள்ளிவாசல் செயலாளர், காமிலின் அடுத்த வீட்டுக்காரன். பெரிய பானை இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும், அங்கே இருக்கிற சனத்துக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்றான். சபூரா பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது காமிலிடம், ஆட்டைப் பார்க்க என்று அக்கரைக்கு ஒருவரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காமில் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். காற்று திரும்பும்போதெல்லாம் அக்கரையிலிருந்து ஆடுகள் கத்துவது கேட்டது. பட்டி கொஞ்சம் மேடுதான். ஆனால் இந்த மழைக்கு எந்த மேடு நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நௌஷாட் வந்து, போகாதே என்றான். அஸாம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினால் இரண்டு நடையில் முடிந்துவிடும் என்றான். காமில் திரும்பவும் வாசலுக்குப் போய் ஆற்றுப் பக்கம் பார்த்தான்.

ஸஜானா அன்று காலை எட்டு மணியிலிருந்து அஸாமோடு போய் ஒவ்வொரு மணித்தியாலமும் அளவு பார்த்து வந்தாள். எட்டுக்கு ஐம்பத்தாறு. ஒன்பதுக்கு அறுபத்திரண்டு. பத்துக்கு அறுபத்தெட்டு. பதினொரு மணிக்கு நனைந்து வந்து கொப்பியை விரித்தபோது காமில் அவள் அருகில் குந்தினான்.

"கறுப்புக் கோட்டுக்குத் தண்ணி எத்தின மணிக்கு வரும் மகள்?"

ஒரு பெரிய ஆள் விளையாட்டில்லாமல் அவளிடம் கேட்ட முதல் கணக்கு அது. அவள் பென்சிலைக் கூராக்கினாள். புள்ளி வைத்தாள். அடிமட்டத்தைப் பொருத்தினாள். கோடு நீட்டினாள். சந்தேகத்துக்கு, ஓரத்தில் பிரித்தும் பார்த்தாள்.

"இப்ப எழுபத்தி நாலு. மணித்தியாலத்துக்கு ஆறு ஏறுது. மூண்டு இருபதுக்குத்தான் நூறு வரும், வாப்பா."

"வடிவாப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தன்."

அஸாம் அவள் தலையைத் தடவினான். ஜும்மா முடிந்ததும் போவது, இரண்டரைக்கு எல்லா ஆட்டையும் இக்கரைக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

குத்பா பிரசங்கம் அன்று சுருக்கமாக இருந்தது. ஒன்று பத்துக்கு லாண்ட்மாஸ்டர் பாலத்தில் இறங்கியது. சில்லின் பாதி தண்ணீருக்குள் போனது. ஆனாலும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டது. ஸஜானா கரையில் மருதமரத்தோடு ஒதுங்கி, கொப்பியைப் பொலித்தீன் சொப்பின் பைக்குள் வைத்துப் பிடித்திருந்தாள். பன்னிரண்டுக்கு எண்பது, ஒன்றுக்கு எண்பத்தாறு என்று எழுதியிருந்தாள். இரண்டும் கோட்டின் மேல் நின்றன. அந்த மழையிலும் அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணிக்குச் சற்று முன் முதல் நடை வந்தது. பதினாறு ஆடு. அஸாம் மிச்சத்தோடு அக்கரையில் நின்றான். காமில் ஆடுகளை இறக்கி, நௌஷாட்டின் கொட்டிலுக்குள் துரத்திக்கொண்டிருந்தான். ஸஜானா அளவு பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. அதையும் எழுதினாள்.

தண்ணீரின் நிறம் மாறியதை அவள்தான் முதலில் கண்டாள். மண்ணிறமாக ஓடியது கறுத்து, நுரை கட்டி, வேரோடு பிடுங்கிய பற்றைகளோடு வந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது. மேலே காட்டுக்குள் ஒரு பழைய குளம் கட்டுடைத்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் கம்பத்தைப் பார்த்து எண்ணைச் சொல்ல வாய் திறந்தாள். சொல்லி முடிக்குமுன் அந்த எண் தண்ணீருக்குள் போனது. அடுத்த பட்டையும் போனது. கறுப்புக் கோடு போனது. பிறகு கம்பமே இல்லை.

காமிலின் கைத்தொலைபேசி அடித்தது.

"மச்சான், இறங்க வேணாம். தண்ணி வேற மாதிரி வருது."

"பட்டிய விட்டுட்டு மேட்டுப் பக்கம் ஓடு."

"மேடு தெரியேல்ல. நான் மரத்தில ஏறுறன். ராத்தாவுக்கு இப்ப சொல்ல வேணாம்."

அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. கடற்படைப் படகு வந்தும் அன்று நீரோட்டத்துக்குள் இறங்க முடியவில்லை. மறுநாள் போனபோது பட்டி நின்ற இடமும் இல்லை, மரமும் இல்லை. மூன்றாம் நாள் காலை, நாலு மைல் கீழே, மரமுந்திரிகைத் தோட்டத்துக் கம்பி வேலியில் அஸாமின் மையித்தைக் கண்டார்கள். சேறு படிந்த மையவாடியில், குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு அடக்கினார்கள்.

சபூரா பெரிதாக அழவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்து போனார்கள். சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் அயல் வீடுகளிலிருந்து வந்தன. அவள் எல்லோருக்கும் பரிமாறினாள். ஏழாம் நாள் ஆட்கள் குறைந்ததும் காமிலின் முன் வந்து நின்றாள்.

"வேணாமெண்டு சொல்லிட்டுத்தானே போனனான்?"

"ஓம்."

"பிறகு என்னத்த நம்பி அவன இறக்கின நீங்க?"

காமில் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் தண்ணியப் பாத்தனான். மூண்டு மணிமட்டும் தாங்குமெண்டு என்ர கண்ணுக்குப் பட்டிச்சு."

"உங்கட கண்."

"என்ர கண்தான்."

அறைச் சீலைக்குப் பின்னால் ஸஜானா நின்றுகொண்டிருந்தாள். தகப்பன் பொய் சொல்வதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அது யாருக்காகச் சொல்லப்பட்ட பொய் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் எண்களை விட்டுவிட்டாள். எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டால், போதும் என்றாள். நேரம் கேட்டால் வெளியே பார்த்தாள். கடைக்குப் போகச் சொன்னால், போய் வாசலில் நின்று திரும்பி வந்தாள். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே இருந்த கதிரையில் உட்காரமாட்டாள். பிள்ளை பயந்துபோயிருக்கிறது, ஓதிப் பார்க்க வேண்டும் என்று ஆட்கள் சொன்னார்கள். சபூரா ஓதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். காமில் மட்டும் மகளைத் தனியே விடாமல் பின்னாலேயே திரிந்தான்.

பதினோராம் நாள் சுகந்தினி டீச்சர் வந்தார். சிலாவத்துறை வரை பஸ், அங்கிருந்து முச்சக்கரவண்டி, கடைசி அரை மைல் சேற்றில் நடை. சபூராவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஸஜானாவைக் கூப்பிட்டு, கணக்குக் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பிள்ளையை ஏதாவது பேச வைக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டார். ஸஜானா அசையாமல் நின்றாள். பிறகு அலுமாரியின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே கைவிட்டு, கொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

டீச்சர் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளில் கை நின்றது. நீர் பட்டு வீங்கிய தாள். பதினொரு மணி வரை புள்ளிகள், அதற்கு மேல் நீட்டிய கோடு, அதன் நுனியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 3.20. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிப் புள்ளிகள் அந்தக் கோட்டிலேயே பிசகாமல் இருந்தன. அதற்குப் பிறகு வெறும் சதுரங்கள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து சபூரா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். வட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன டீச்சர்?"

டீச்சர் சொல்லாமல் விட்டிருக்கலாம். காமில் வாசற்படியிலிருந்து வேண்டாமென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்ததை அவர் காணவில்லை.

"தண்ணி நூறுக்கு வாற நேரம்," என்றார். "இந்தக் கோட்ட நீட்டிப் பாக்குறது சரியெண்டு வகுப்பில காட்ட வச்சது நான், சபூரா அக்கா. தண்ணி இப்ப வாற மாதிரியே தொடர்ந்து வந்தா மட்டும்தான் இந்தக் கோடு செல்லும். அந்த ஒரு வசனத்த நான் சொல்லேல்ல. பிள்ளைகள் சிரிச்சுச் சிரிச்சுப் படிச்சுதுகள். எனக்கு அது போதுமெண்டு இருந்திட்டன். பிழை பிள்ளையில இல்ல. என்னில."

சபூரா கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று கீழே எழுதியிருந்த மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனாள்.

"அவளிட்டக் கேட்டது நான்," என்றான் காமில். "பிள்ளையிட்ட அதக் கேட்டிருக்கக் கூடாது."

சபூரா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. டீச்சர் யாரும் விடைகொடுக்காமலேயே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. சபூரா மகளுக்குச் சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், தலை பின்னினாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. தலை பின்னும்போது ஸஜானா அடி விழப் போகிறது என்பதைப் போலத் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடி விழுவதில்லை. பின்னல் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்தது. காமில் வயலுக்குப் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை. மனைவி வாய் திறந்தால் என்ன சொல்லுவாள் என்று பயந்தான். அவள் வாயே திறக்காததைக் கண்டு அதைவிடப் பயந்தான்.

ஒருநாள் பின்னேரம் அவன் வந்தபோது ஸஜானா வீட்டில் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. அவன் ஆற்றடிக்கு ஓடினான். தண்ணீர் பாலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கம்பம் நின்ற இடத்தில் குழி மட்டும் இருந்தது. அதில் கலங்கிய தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அவள் பாலத்தின் விளிம்பில், பெருவிரல்கள் வெளியே நீட்டி நிற்க, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காமில் கூப்பிடவில்லை. பின்னால் நடந்து போய் அவள் கையைப் பிடித்தான். கை குளிர்ந்து கிடந்தது. அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் கண்டான்: மருதமரத்தடியில் சபூரா நின்றாள். காலில் செருப்பில்லை. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவர்கள் கிட்ட வருமுன் அவள் திரும்பி, முன்னால் நடந்து போய்விட்டாள்.

மார்கழி நடுவில் கிராம சேவகர் அமிர்தநாயகம் வீடு வீடாக வெள்ளப் பதிவுக்கு வந்தார். பேசாலைக்காரர். மெல்லப் பேசுகிற மனிதர். முன் கூடத்து மேசையில் படிவங்களைப் பரப்பி, உடைந்த வேலி, செத்த ஆடு, நனைந்த நெல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காமில் சொன்னான். பிறகு அவர் வேறொரு தாளை எடுத்து மேலே வைத்தார். அஸாமின் அடையாள அட்டையைக் கேட்டார். சபூரா கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேசையோரம் நின்றாள்.

பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார்.

"பிறந்தது ரெண்டாயிரத்தி மூண்டு, எட்டாம் மாசம், பதினாலு," என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார். "சம்பவம் நடந்தது போன பதினோராம் மாசம் இருபத்தெட்டு. வயசு வருஷமும் மாசமுமாக் கேட்டிருக்கினம். எவ்வளவு வரும் அம்மா?"

சபூரா விரல்களை மடக்கத் தொடங்கினாள். எட்டுக் கடந்து ஒன்பதாவதில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். அமிர்தநாயகம் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷம், மூண்டு மாசம், பதினாலு நாள்."

அறைச் சீலை விலகியிருந்தது. ஸஜானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

சபூராவும் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். மெலிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அமிர்தநாயகம், பிள்ளைதானே சொன்னது, ஒருக்காச் சரிபார்ப்போம் என்ற மாதிரி, மேசையில் கிடந்த கைத்தொலைபேசியை எடுத்தார்.

"பாக்கத் தேவையில்ல," என்றாள் சபூரா. "பிள்ளை சொன்னது சரியாத்தான் இருக்கும். எழுதுங்கோ."

அவர் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு எழுதினார்.